சிரப் பாட்டில் கணக்கு

எங்க மெடிக்கல்ல ஹெச்1 ரெஜிஸ்டர்னு ஒரு நோட்டு இருக்கு. கடை வச்சிருக்கவங்களுக்குத் தெரியும், டிபி மாத்திரை, பெரிய ஆன்டிபயாட்டிக், தூக்க மாத்திரைன்னு ஒரு லிஸ்ட் இருக்கு, அதுல உள்ளதைக் குடுத்தா எழுதின டாக்டர் பேரு, பேஷண்ட் பேரு, எத்தனை மாத்திரைன்னு ஏத்தணும், மூணு வருஷம் அந்த நோட்டைத் தூக்கிப் போடக்கூடாது, 2014லேர்ந்து இதான் சட்டம். இந்த வருஷம் பொங்கல் முடிஞ்சு ஒரு நாள் ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கி விட்டுட்டு அந்த நோட்டை வச்சுப் புரட்டிக்கிட்டு இருந்தேன். எங்க அத்தை பேரு ரெண்டு தடவை இருந்துச்சு. கார்த்திகைல ஒண்ணு, மார்கழில ஒண்ணு. ரெண்டும் லெவோஃப்ளாக்சசின்ங்கிற ஆன்டிபயாட்டிக். ரெண்டும் என் கையெழுத்து.

அதுக்குப் பக்கத்துலயே பத்து எழுதுற கடன் கணக்கு நோட்டு. அத்தை இருக்குற முதியோர் ஹோமுக்கு நம்ம கடைலேர்ந்துதான் மருந்து போகுது, மாசக் கடைசில கணக்கு பாப்போம். ஐப்பசில இருமல் சிரப் நாலு பாட்டில். கார்த்திகைல ஏழு. மார்கழில பதினொண்ணு. மழையும் பனியும்ல, வயசானவங்க இருமத்தான் செய்வாங்கன்னு நானும் பெட்டி கட்டி அனுப்பிக்கிட்டே இருந்திருக்கேன். நாலு ஏழு ஆச்சு, ஏழு பதினொண்ணு ஆச்சு, அது எனக்கு உறைக்கவே இல்ல. பி.ஃபார்ம் படிச்சவன் நான்.

இதை எழுதணும்னு ஆறு மாசமா நினைச்சு நினைச்சு விட்டுட்டேன். அத்தைக்கு டிபி மாத்திரை முடிஞ்சிருச்சு, இப்ப எழுதுறேன்.

அத்தைக்கு 78 வயசு. புள்ளைங்க இல்ல, மாமா போயி பன்னண்டு வருஷம் ஆச்சு. எங்க வீட்ல வந்து இருங்கன்னு கூப்பிட்டோம், மாடிப்படி ஏற முடியலைன்னு சொல்லிட்டு அவங்களாத்தான் ஹோம் தேடிக்கிட்டாங்க. கும்பகோணத்துலேர்ந்து மாயவரம் போற ரோட்டுல, கொஞ்சம் உள்ள தள்ளி, சுத்தி வயலு. நல்ல இடம்தான், அதை நான் கொறை சொல்ல மாட்டேன், சாப்பாடு சுத்தமா இருக்கும், மாசம் ஒரு தடவை டாக்டர் வந்து பிபி சுகர் பாப்பாரு. பேரு வேணாம்.

சேக்குறப்ப ஒரு ஃபாரம் குடுத்தாங்க, நாலு பக்கம், நான்தான் பூர்த்தி பண்ணேன். சைவமா அசைவமா, வெங்காயம் பூண்டு சேத்துப்பாங்களா, விரதம் என்னைக்கு, நகை என்னென்ன கையில இருக்கு, கடைசில, ஏதாவது ஆயிட்டா யாருக்குச் சொல்லணும், காரியம் யாரு பண்ணுவா. எல்லாத்துக்கும் இடம் இருந்துச்சு. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கா, எடை கொறைஞ்சிருக்கா, வீட்ல யாருக்காவது எப்பவாவது டிபி இருந்துச்சா, இந்த மூணு வரிதான் இல்ல. இருந்திருந்தா அத்தை சொல்லியிருப்பாங்க. மாமாவோட அண்ணன் 70கள்ல செங்கிப்பட்டி சானடோரியத்துல இருந்திருக்காரு, அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் வீட்லதான் இருமிக்கிட்டு கிடந்தாரு, அத்தைதான் சோறு போட்டது, எச்சி சட்டி கழுவி ஊத்துனது எல்லாம். "எலும்புருக்கின்னு சொல்லுவாங்க, நாங்க வெளில சொல்ல மாட்டோம், பொண்ணு எடுக்க மாட்டாங்கல்ல"ன்னு அத்தை இதை எங்கிட்ட சொன்னதே போன பிப்ரவரிலதான்.

அப்ப உள்ள போன கிருமி அம்பது வருஷம் தூங்கியிருக்கலாம். இது சினிமாக் கதை இல்ல, டிபியே அப்படித்தான், கிருமி உள்ள போன எல்லாருக்கும் நோய் வராது, நூறு பேர்ல அஞ்சுலேர்ந்து பத்து பேருக்குத்தான் வாழ்நாள்ல என்னைக்காவது நோயா மாறும், மத்தவங்க உடம்பு அதை ஒரு மூலைல கட்டிப் போட்டு வச்சிருக்கும். வயசாகி, சுகர் வந்து, சாப்பாடு கொறைஞ்சு, மூட்டு வலிக்கு ஸ்டீராய்டு போட்டுன்னு ஆனா அந்தக் கட்டு அவுந்துரும். அத்தைக்கு இருபது வருஷமா சுகர்.

சரி, எப்படிக் கண்டுபுடிச்சோம்னா, நாங்க கண்டுபுடிக்கல. வளையல் கண்டுபுடிச்சுது.

பொங்கல் அன்னைக்கு கரும்பும் மஞ்சக்கொத்தும் எடுத்துக்கிட்டு நானும் என் வீட்டுக்காரியும் போயிருந்தோம். அத்தை கட்டில்ல சாஞ்சு உக்காந்திருந்தாங்க. தலை முடியை ஒதுக்க கையைத் தூக்குனாங்க, மணிக்கட்டுல இருந்த கவரிங் வளையல் சல்லுன்னு முழங்கையைத் தாண்டி மேல ஓடிருச்சு. கையை இறக்குனதும் திரும்பி வந்து விரல்கிட்ட நின்னுச்சு, விட்டா கழண்டு விழுந்துரும் போல. அந்த வளையலை தீபாவளிக்கு சோப்பு போட்டு ஏத்தி விட்டதே என் வீட்டுக்காரிதான். அவ என்னைப் பாத்தா. நான் அத்தைகிட்ட என்னத்த, சாப்பிடுறீங்களான்னு கேட்டேன். "வாயில எதுவும் வைக்கப் புடிக்கலடா, வயசாச்சுல்ல"ன்னாங்க. இருமல்? "அது இங்க எல்லாருக்கும் இருக்கு."

எடை பாக்கலாம்னு மெஷின் எங்கன்னு கேட்டா ஸ்டோர் ரூம்ல இருக்கு, அதுல அரிசி மூட்டை. பேட்டரி செத்து எத்தனை மாசமாச்சோ. எடை நோட்டுல கடைசி என்ட்ரி ஆடி மாசம், 44 கிலோ. ரெண்டு நாள் கழிச்சு ஜிஹெச்ல ஏத்திப் பாத்தப்ப 37. அஞ்சாறு மாசத்துல ஏழு கிலோ போயிருக்கு, ஒரு ஆளு கவனிக்கல, நானுந்தான் மாசம் ரெண்டு தடவை போயிட்டு வந்துக்கிட்டு இருந்தேன்.

இங்க ஒண்ணு சொல்லணும். வயசானவங்களுக்கு டிபி வந்தா நம்ம மனசுல இருக்குற மாதிரி வராது. ரத்தமா துப்பி, ராத்திரி வேர்த்துக் கொட்டி அப்படியெல்லாம் எல்லாருக்கும் இருக்காது. காய்ச்சலே தெரியாது. பசி போயிரும், சோர்ந்து சோர்ந்து படுப்பாங்க, எடை இறங்கும், சில பேருக்குப் பேச்சே கொஞ்சம் குழம்பும். இது எல்லாத்துக்கும் நம்மகிட்ட ரெடியா ஒரு பதில் இருக்கு பாருங்க, வயசாச்சு. அந்த ஒரு வார்த்தைலதான் மூணு மாசம் போச்சு.

இன்னொரு விஷயம், என் தொழில் சம்பந்தப்பட்டது. அந்த லெவோஃப்ளாக்சசின் இருக்கே, அது டிபி கிருமியையும் கொஞ்சம் அடிக்கும். மருந்துக்கு அடங்காத டிபிக்கு அதையே சிகிச்சைல சேக்குறாங்க. அதனால நெஞ்சுச் சளின்னு நெனைச்சு அஞ்சு நாள் குடுத்தா காய்ச்சல் விடும், ஆளு எழுந்து உக்காருவாங்க, நமக்கு நிம்மதி, பத்து இருவது நாள்ல திரும்ப ஆரம்பிக்கும். அத்தைக்கு அச்சு அசலா அப்படித்தான் நடந்துச்சு. சீட்டு எழுதின டாக்டரை நான் தப்பு சொல்லல, அவரு பாத்த அன்னைக்கு அது சளி மாதிரிதான் இருந்திருக்கும். ரெண்டாவது தடவை அதே சீட்டு என் கடைக்கு வந்தப்ப ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துருவோமான்னு நான் கேட்டிருக்கலாம்.

எக்ஸ்ரேல வலது பக்கம் நிழல். சளி டெஸ்ட் எடுக்கணும். சொன்னா நம்ப மாட்டீங்க, மொத்தத்துலயும் கஷ்டமான வேலை அதான். அத்தைக்கு ஒரு டப்பாவுல துப்பி அதை இன்னொருத்தர் கையில குடுக்குறதுன்னா உயிரு போற கூச்சம். முதல் நாள் குடுத்தது வெறும் எச்சி, லேப்ல திருப்பிட்டாங்க. அங்க இருந்த சுகாதாரப் பார்வையாளர் அம்மா ஒருத்தங்க அழகா சொல்லிக் குடுத்தாங்க, காலைல எழுந்ததும் வாயைக் கொப்புளிச்சிட்டு, வெந்நி ஒரு டம்ளர் குடிச்சிட்டு, ஆழமா மூணு மூச்சு இழுத்து அடிவயித்துலேர்ந்து இருமச் சொல்லுங்க, ரூமுக்குள்ள வேணாம், வெளில காத்தோட்டமா நின்னு எடுங்க, நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருக்காதீங்க. மறுநாள் ஹோம் கொல்லைப்பக்கம் வேப்பமரத்தடில அத்தை நின்னாங்க, நான் சுவத்துக்கு இந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டேன். கோழை வந்துச்சு. சிபிநாட்ல போட்டாங்க, அது கிருமி இருக்கா இல்லையான்னும் சொல்லும், டிபிக்கு முக்கியமான மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா அடங்காதான்னும் சேத்தே சொல்லிரும், மெஷின் ஓடுறது ரெண்டு மணி நேரந்தான். கிருமி இருக்கு, மருந்துக்கு அடங்கும்.

சாயங்காலம் மேனேஜர்கிட்ட சொன்னேன். மனுஷன் முகம் அப்படியே மாறிப்போச்சு. "சார், நீங்க கூட்டிட்டுப் போயிருங்க சார், மத்தவங்க ஃபேமிலி கேட்டா நான் என்ன சொல்றது." தட்டு டம்ளரைத் தனியா வச்சிட்டாங்க அன்னைக்கே. தட்டுல டம்ளர்ல எல்லாம் பரவாது, காத்துல பரவுறது, ஜன்னலைத் தொறங்க முதல்லன்னு சொன்னேன். அந்த ஹால்ல ஐப்பசிலேர்ந்து தை வரைக்கும் ஜன்னல் சாத்தியே இருக்கும், கேட்டா பனி, கொசு. பதினாலு கட்டில், மேல ஃபேன் உள்ள இருக்குற காத்தையே சுத்திச் சுத்தி விட்டுக்கிட்டு இருக்கும்.

எனக்குக் கோவம் வந்துச்சு, ஆனா அவரு பயமும் பொய் இல்ல. உக்காந்து பேசுனேன். நம்ம மெட்ராஸ்ல 1956ல ஒரு டிபி ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்சாங்க சார், இன்னைக்கு சேத்துப்பட்டுல இருக்கே அதான். அங்க 193 பேஷண்டுகளை எடுத்து ஒரு பகுதியை சானடோரியத்துல வச்சும் இன்னொரு பகுதியை அவங்கவங்க குடிசை வீட்லயே வச்சும் ஒரே மருந்தைக் குடுத்தாங்க, 1959ல முடிவு வெளில வந்துச்சு, ரெண்டு பக்கமும் கொணமானது கிட்டத்தட்ட ஒண்ணுதான், வீட்ல இருந்தவங்களோட குடும்பத்துக்கு அதனால கூடுதலா நோய் வரவும் இல்ல. உலகம் பூரா சானடோரியத்தை மூடுனதுக்கு அந்த ஆராய்ச்சியும் ஒரு பெரிய காரணம். மருந்து உள்ள போக ஆரம்பிச்சா பரவுறது மளமளன்னு கொறைஞ்சிரும், ரெண்டு வாரம் அந்த ஓரத்து ரூம்ல ஜன்னலைத் தொறந்து வச்சு மாஸ்க் போட்டு இருக்கட்டும். அத்தைகிட்டேர்ந்து யாருக்காவது வரணும்னா அது மார்கழிலயே வந்திருக்கும் சார், இப்ப அவங்களை அனுப்பி என்ன ஆகப் போகுது, மிச்ச பேரைப் பாக்கணும்ல?

அந்தக் கடைசி வரிதான் அவரை யோசிக்க வச்சுதுன்னு நெனைக்கிறேன். அத்தையை வச்சுக்கிட்டாரு.

மிச்ச பேரைப் பாக்குறதுக்கு நான் முதல்ல நெனைச்சது மாண்டூ, டிபி கிருமி உள்ள போயிருக்கான்னு பாக்குற டெஸ்ட். முன்கைல தோலுக்குள்ளயே ஊசி போட்டு, 48லேர்ந்து 72 மணி நேரத்துக்குள்ள தடிப்பை அளக்குறது, சிவப்பை இல்ல, தடிப்பை. சுகாதாரப் பார்வையாளர் அம்மா சிரிச்சாங்க. "நம்மூர்ல எண்பது வயசு ஆளுக்கு மாண்டூ பாசிட்டிவ் வந்தா அதுல என்ன தெரிஞ்சுக்குவீங்க தம்பி, பாதிப் பேரு எங்கயாவது கிருமியைப் பாத்தவங்கதான். நெகட்டிவ் வந்தாலும் நம்ப முடியாது, தோலுக்கே வயசாயிருக்கும்." அது உண்மைதான், வயசான உடம்பு முதல் ஊசிக்கு முழிக்காம, ஒண்ணுலேர்ந்து மூணு வாரம் கழிச்சுப் போடுற ரெண்டாவது ஊசிக்குத்தான் முழிக்கும், டிபி கம்மியா இருக்குற நாடுகள்ல அதுக்காகவே ரெண்டு தடவை போடுறது உண்டு. எங்க அக்கா பொண்ணு கனடாவுல ஒண்டாரியோவுல இந்த மாதிரி ஒரு ஹோம்லதான் வேலை பாக்குறா, ஃபோன்ல கேட்டேன். "மாமா, இங்க உள்ள வந்து 14 நாளுக்குள்ள டிபி பாத்தே ஆகணும், இல்லன்னா வர்றதுக்கு முன்னாடி 90 நாளுக்குள்ள பாத்த ரிசல்ட்டு கையில இருக்கணும், அது சட்டம். எங்களுக்கும், வேலைக்குச் சேர்றப்பவே பாத்துருவாங்க"ன்னா. எங்களுக்கும்னு அவ சொன்னதை அப்ப நான் பெருசா எடுத்துக்கல.

மாண்டூவுக்குப் பதிலா எக்ஸ்ரே வண்டி வந்துச்சு. வண்டின்னா வண்டி முழுக்க மெஷின் இல்ல, இப்ப கையில தூக்குற எக்ஸ்ரே வந்திருச்சு, பழைய கல்யாண வீட்டு கேமரா சைஸுதான். ஹால்ல ஒரு ஸ்டாண்டு, அதுல ஒரு பலகை, அதுல நெஞ்சை ஒட்டி நிக்கணும். பாட்டிங்க எல்லாம் ஃபோட்டோ எடுக்குறாங்கன்னு தலை வாரிக்கிட்டு வரிசைல நின்னாங்க. செயினைக் கழட்டச் சொன்னப்பதான் தகராறு. ஒரு பாட்டி தாலிச்சரடைக் கழட்ட மாட்டேன்னு நின்னு, கடைசில முதுகுப்பக்கம் தள்ளிப் போட்டுக்கிட்டு நெஞ்சை நிமித்தி நின்னுச்சு, அதுலயும் ஒரு ஓரத்துல விழுந்துருச்சு, திரும்ப எடுத்தாங்க. படத்தை கம்ப்யூட்டரே பாத்து சந்தேகமானதைப் பிரிச்சுக் குடுக்குது. எக்ஸ்ரே எதுக்கு, இருமுறவங்களை மட்டும் பாத்தா போதாதான்னு மேனேஜர் கேட்டாரு. போதாது. 2019லேர்ந்து 2021 வரைக்கும் நாடு பூரா ஒரு பெரிய சர்வே எடுத்தாங்க, அதுல கண்டுபுடிச்ச டிபிலயே, எக்ஸ்ரே இல்லாம அறிகுறி மட்டும் கேட்டிருந்தா நூத்துக்கு 42 விட்டுப் போயிருக்கும்னு வந்துச்சு.

தங்கியிருக்கவங்கள்ல அஞ்சு பேருக்கு நிழல். அஞ்சு பேரும் வேப்பமரத்தடி. அஞ்சும் நெகட்டிவ், பழைய தழும்பு, என்னைக்கோ வந்து ஆறிப்போனது. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு.

வண்டி கெளம்புற நேரம் அந்த அம்மா கேட்டாங்க, வேலை பாக்குறவங்க எங்க? மேனேஜர் அவங்கல்லாம் நல்லாதான் இருக்காங்கன்னாரு. நல்லா இருக்குறவங்களைத்தான் பாக்கணும்னு சொல்லி ஏழு பேரையும் நிக்க வச்சாங்க. ஆயா அக்கா ஒருத்தங்க, நாப்பத்தி ரெண்டு வயசு, ராத்திரில அந்த ஹால்லயே பாயைப் போட்டுப் படுக்குறவங்க, அத்தையைக் குளிப்பாட்டி விடுறது அவங்கதான். அவங்களுக்கு நிழல். சிபிநாட் பாசிட்டிவ்.

யாருகிட்டேர்ந்து யாருக்குன்னு மேனேஜர் ரொம்ப நாள் கேட்டுக்கிட்டே இருந்தாரு. அது எனக்கும் தெரியாது, டாக்டரும் சொல்லல, தெரிஞ்சு ஆகப்போறதும் ஒண்ணும் இல்ல. ஆனா அத்தைக்கு ஓரத்து ரூம் கெடைச்சுது, அந்த அக்காவுக்கு கெடைச்சது வேலைக்கு வராதீங்கன்னு ஒரு ஃபோன். எனக்கு இன்னைக்கும் ஆறாத விஷயம் அதான். அத்தை பேசுறதுக்கு நான் இருந்தேன், அந்த அக்காவுக்கு யாரு? ரெண்டு தடவை போய்ச் சண்டை போட்டுட்டு வந்தேன், சுகாதாரத்துறைலேர்ந்தும் பேசுனாங்க. கடைசில ரெண்டு மாசம் கழிச்சு எடுத்துக்கிட்டாங்க, அந்த ரெண்டு மாசச் சம்பளம் வரல. அரசாங்கம் சத்துணவுக்குன்னு மாசம் ஆயிரம் ரூபா அக்கவுண்டுல போடுது, 2024 நவம்பர்லேர்ந்து ஆயிரம், அதுக்கு முன்னாடி ஐநூறுதான். ஆனா ஆயிரத்துல ஒரு குடும்பம் ஓடாதுல்ல. வேலை போயிரும்னு தெரிஞ்சா அடுத்த ஆயா எக்ஸ்ரேக்கு நிப்பாங்களா, நீங்களே சொல்லுங்க.

மாத்திரை விஷயம் சுருக்கமா. 37 கிலோவுக்கு நாலு மருந்து சேந்த மாத்திரை மூணு, தினமும், வெறும் வயித்துல, ரெண்டு மாசம். அப்பறம் மூணு மருந்து சேந்தது நாலு மாசம். எல்லாம் அரசாங்கத்துல இலவசம். முதல் வாரமே அத்தை என்னை ஃபோன் போட்டுக் கூப்புட்டு ரகசியமா "டேய், ஆரஞ்சு கலர்ல போகுதுடா"ன்னாங்க, அது ரிஃபாம்பிசின் பண்ற வேலை, பயப்படாதீங்கன்னேன், முன்னாடியே சொல்லியிருக்கணும். அதைவிட முக்கியம், ரிஃபாம்பிசின் சில சுகர் மாத்திரையைச் சீக்கிரமா கரைச்சு வெளில தள்ளிரும், அத்தைக்கு சுகர் முன்னூறைத் தாண்டிருச்சு, இன்சுலினுக்கு மாத்துனாங்க. ஹோம்ல மருந்து குடுக்குறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும், ரத்தம் உறையாம இருக்கப் போடுற சில மாத்திரையும் இப்படித்தான் பவர் கொறையும். ஈரலை அப்பப்ப டெஸ்ட் பண்ணாங்க. அத்தைக்குப் பக்கத்துக் கட்டில் பாட்டிக்கு நோய் இல்லன்னு உறுதி பண்ணிட்டு, வராம இருக்குறதுக்கான மாத்திரை வாரத்துக்கு ஒரு தடவைன்னு பன்னண்டு வாரம் குடுத்தாங்க, இன்னொரு பாட்டிக்கு ஈரல் சரியில்ல, குடுக்கல, கவனிச்சுக்கிட்டு மட்டும் இருக்காங்க.

ஃபாரம்ல இப்ப அந்த மூணு வரி இருக்கு, நானே டைப் அடிச்சுக் குடுத்தேன். உள்ள வர்றவங்க எக்ஸ்ரே எடுத்துட்டு வரணும். டிபி இருந்தா சேக்க மாட்டோம்னு மேனேஜர் கீழ ஒரு வரி சேத்திருந்தாரு, அதை அடிச்சிட்டு சிகிச்சை ஆரம்பிச்சிட்டு வாங்கன்னு மாத்த வச்சேன். அடுத்த கட்டு பிரிண்ட் போடுறப்ப அது அப்படியே இருக்குதான்னு போய்ப் பாக்கணும்.

புது எடை மெஷினும் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன், பேட்டரி இல்லாத, முள்ளு சுத்துற ரகம். தமிழ் மாசம் முதல் ஞாயித்துக்கிழமை எல்லாரையும் ஏத்தி நோட்டுல எழுதணும்னு ஏற்பாடு. ஆடி முதல் ஞாயிறு நானும் போயிருந்தேன். ஆயா அக்காதான் ஒவ்வொருத்தரையா கையைப் புடிச்சு ஏத்தி விட்டுக்கிட்டு இருந்தாங்க. அத்தை ஏறுனாங்க, முள்ளு 42ல போயி நின்னுச்சு. அத்தை குனிஞ்சு பாத்துட்டு மெஷின் சரியில்ல, நான் எப்பவும் 44தான், கடைக்காரன் உன்னை ஏமாத்திட்டான், திருப்பிக் குடுத்துட்டு வான்னாங்க. எந்தக் கடைக்காரன்னு நான் சொல்லல.